போப் இறந்தால் நெற்றியில் சுத்தியலால் தட்டுவார்களா?

கேள்வி இது: "போப் இறந்ததும் வெள்ளிச் சுத்தியலால் நெற்றியில் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார்களாமே, உண்மையா? ஒருவருக்கு மூன்று சவப்பெட்டி எதற்கு? ஒன்பது நாள் துக்கம் என்கிறார்களே, நம் ஊர்க் காரியம் மாதிரியா?"

சுத்தியலிலிருந்தே தொடங்குகிறேன், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். இல்லை, தட்டுவதில்லை. இப்போது வழக்கில் இருக்கும் சடங்கு நூலில் சுத்தியலும் இல்லை, திருமுழுக்குப் பெயரை மூன்று முறை கூப்பிடுவதும் இல்லை. 2005 ஏப்ரல் 2 இரவு 9.37-க்கு இரண்டாம் ஜான் பால் இறந்தபோது (எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அவர் கடைசிவரை 'அருளப்பர் சின்னப்பர்'தான்) மருத்துவர்கள் இ.சி.ஜி. கருவியை இருபது நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டுத்தான் மரணத்தை உறுதி செய்தார்கள். 2025 ஏப்ரல் 21, பாஸ்கா (ஈஸ்டர்) திருநாளுக்கு மறுநாள் காலை 7.35-க்கு பிரான்சிஸ் இறந்தபோதும் இ.சி.ஜி.தான். பக்கவாதம் வந்து, கோமாவில் விழுந்து, இதயம் நின்றது என்று சான்றிதழையே வெளியிட்டார்கள். முந்தைய நாள்தான் மாடத்தில் உட்கார்ந்து உலகுக்கு ஆசி கொடுத்திருந்தார், வண்டியில் கூட்டத்துக்குள் ஒரு சுற்றும் வந்திருந்தார்.

செய்தியை உலகுக்குச் சொன்னவர் கர்தினால் கெவின் ஃபாரல். அவருக்குப் பதவிப் பெயர் கமெர்லெங்கோ. போப் இல்லாத நாட்களில் வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வத்திக்கானின் பெரிய பெரிய அதிகாரிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் போப் இறந்த கணமே பதவி போய்விடும். இவரைப் போன்ற ஒருசிலருக்கு மட்டும் தொடரும். காலை 9.45-க்கு அவர் சொன்னதன் சாரம், ரோமின் ஆயர் (பிஷப்) பிரான்சிஸ் தந்தையின் இல்லத்துக்குத் திரும்பிவிட்டார் என்பது. 'மாமன்னர்' 'தலைவர்' எதுவும் இல்லை, 'ரோமின் ஆயர்' மட்டும். அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

சரி, சுத்தியல் இல்லை. ஆனால் மற்றவை எல்லாம் வெறும் ஆடம்பரமா? இந்தச் சடங்குகளைப் பற்றிப் பல வருடமாகப் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: ஒவ்வொரு சடங்குக்குப் பின்னாலும் எப்போதோ நடந்த ஒரு அசிங்கம் ஒளிந்திருக்கிறது. மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்று போட்ட பூட்டுதான் நாளடைவில் சடங்காகிவிட்டது.

அறையை முத்திரையிடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சிஸ் இறந்த அன்று இரவு, அவர் தங்கியிருந்த சாந்தா மார்த்தா விடுதி அறைக் கதவிலும், அவர் குடியேறாமலே விட்ட அரண்மனை வீட்டின் கதவிலும் சிவப்பு நாடா கட்டி அரக்கு வைத்தார்கள். படத்தில் பார்க்க அழகாக இருந்தது. காரணம் அழகானதல்ல. பழைய நாளில் போப் கண் மூடியதும் முதலில் ஓடி வருபவர்கள் அழ வருவதில்லை, எடுத்துக்கொண்டு போக வருவார்கள். இறந்த ஆயரின் பொருட்களைக் குருக்கள் அள்ளக் கூடாது என்று 451-இல் கால்செதோன் நகரில் கூடிய ஆயர்கள் சங்கமே சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள். அப்படியும் அடங்கவில்லை. 1216 ஜூலையில் பெருஜா நகரில் மூன்றாம் இன்னொசென்ட் இறந்தார். ஐரோப்பிய அரசர்களையே மண்டியிட வைத்தவர். மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்த ஜாக் தெ வித்ரி என்ற ஆயர் எழுதி வைத்திருக்கிறார்: இரவோடு இரவாக யாரோ விலையுயர்ந்த உடைகளை உருவிக்கொண்டு போய்விட்டார்கள், உடல் ஏறக்குறைய அம்மணமாக, நாற்றமெடுத்துக் கோயிலுக்குள் கிடந்தது என்று. அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டு சிவப்பு நாடாவைப் பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும்.

மோதிரமும் அப்படித்தான். மீனவர் மோதிரம் என்பார்கள், முதல் போப்பாகக் கருதப்படும் பேதுரு வலை வீசும் உருவம் உள்ளது. ஒரு காலத்தில் போப்பின் கடிதங்களுக்கு அரக்கில் அழுத்தும் முத்திரை அது. இறந்தவரின் மோதிரம் யார் கையிலாவது சிக்கினால் முன்தேதியிட்டு ஆணை, பதவி, நிலம் என்று எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அதனால் உடைத்தார்கள். இன்று மோதிரத்தால் யாரும் கடிதத்துக்கு முத்திரை வைப்பதில்லை, ஆனாலும் 2025 மே 6-ஆம் தேதி கர்தினால்கள் கூடியிருக்க, பிரான்சிஸின் மோதிரத்தையும் ஈய முத்திரையையும் கீறிச் செல்லாததாக்கினார்கள். இப்போதெல்லாம் தூளாக்குவதில்லை, கீறல் போடுவதோடு சரி.

படம் எடுக்கும் தடைக்கு வயது குறைவு, ஆனால் கதை கொடூரம். 1958 அக்டோபர் 9-ஆம் தேதி காஸ்தல் கந்தோல்ஃபோ கோடை மாளிகையில் பன்னிரண்டாம் பயஸ் இறந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, முந்தைய நாளே, சில இத்தாலியப் பத்திரிகைகள் மரணச் செய்தியை அச்சடித்து விற்றுவிட்டன. அவருடைய மருத்துவர் கலியாசி-லீசி என்பவர் உடலைப் பதப்படுத்துவதில் சொந்தமாக ஒரு முறை வைத்திருந்தார்: குடலை எடுக்காமல், நறுமண எண்ணெய்களைப் பூசி, செலோபன் தாளில் சுற்றி வைப்பது. வெக்கையில் அது என்ன செய்யும் என்று நம் ஊர் ஆட்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். ரோமுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உடல் உப்பி, நெஞ்சு வெடிக்கும் ஓசை கேட்டது. புனித பேதுரு பேராலயத்தில் காவல் நின்றவர்கள் மயங்கி விழுந்தார்கள். இதற்கு மேல் ஒன்று: அந்த மருத்துவர் போப்பின் கடைசி மணிநேரங்களை எழுதியும் படமெடுத்தும் பத்திரிகைகளுக்கு விற்றார். கர்தினால்கள் அவரை வத்திக்கான் பக்கம் தலைகாட்டக் கூடாதென்று விரட்டினார்கள். நோய்ப் படுக்கையிலோ இறந்த பிறகோ போப்பை யாரும் படமெடுக்கக் கூடாது, பேச்சைப் பதிவு செய்யக் கூடாது, ஆவணத்துக்காக எடுப்பதானாலும் கமெர்லெங்கோ அனுமதியோடு, திருவுடை அணிவித்த பிறகே என்று 1996-இல் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட சட்டத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மருத்துவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

உடல் என்றதும் இன்னொன்று. ரோமில் திரெவி நீரூற்றுக்கு எதிரே வின்செந்து, அனஸ்தாசியுஸ் என்ற இரு புனிதர்களின் பெயரில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. 1590-இல் இறந்த ஐந்தாம் சிக்ஸ்துஸ் தொடங்கி 1903-இல் இறந்த பதின்மூன்றாம் லியோ வரை 22 போப்புகளின் இதயமும் உள்ளுறுப்புகளும் அங்கேதான் உள்ளன. பதப்படுத்தும்போது எடுப்பதை எங்காவது மரியாதையாக வைக்க வேண்டுமே. லியோவுக்கு அடுத்து வந்த பத்தாம் பயஸ் இந்த வழக்கத்தை நிறுத்தினார். நீரூற்றில் காசு போடும் சுற்றுலாக்காரர்களில் நூற்றுக்கு ஒருவராவது திரும்பி அந்தக் கோயிலைப் பார்ப்பார்களா என்பது சந்தேகம்.

இப்போது மூன்று பெட்டி. உள்ளே சைப்ரஸ் மரம், அதைச் சுற்றி ஈயம் அல்லது துத்தநாகம், வெளியே எல்ம் அல்லது ஓக் மரம். சைப்ரஸ் பெட்டி அவரும் எல்லோரையும் போல மண்ணுக்குப் போகிறவர் என்பதற்கு என்றும், வெளிப்பெட்டி பதவியின் மதிப்புக்கு என்றும் விளக்கம் சொல்வார்கள். நடுவில் உள்ள உலோகப் பெட்டிக்கு விளக்கமே தேவையில்லை. பற்றவைத்து மூடிவிட்டால் ஈரம் புகாது, நாற்றம் வெளியே வராது, யாரும் திறக்க முடியாது. இன்னொசென்டையும் பயஸையும் பார்த்த நிறுவனத்துக்கு உலோகப் பெட்டி வேண்டும்தானே. 2005-இல் இரண்டாம் ஜான் பாலுக்கும், 2023 ஜனவரியில் பதினாறாம் பெனடிக்டுக்கும் மூன்று பெட்டிதான்.

பிரான்சிஸ் அதை மாற்றினார். 2024 ஏப்ரலில் அவர் ஒப்புதல் கொடுத்து அந்த நவம்பரில் வெளியான புதிய சடங்கு நூலின்படி ஒரே மரப்பெட்டி, உள்ளே துத்தநாகத் தகடு. மரணத்தை உறுதி செய்யும் சடங்கு படுக்கையறையிலிருந்து சிற்றாலயத்துக்கு மாறியது, உடலை உடனே பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்றும் ஆனது. முன்பெல்லாம் உடலை உயரமான மேடையில் தலையணை வைத்துச் சாய்த்து, ராஜா மாதிரிக் கிடத்துவார்கள். அந்த மேடையும் போயிற்று. மக்கள் 2025 ஏப்ரல் 23 முதல் 25 வரை பார்த்தது, பீடத்துக்கு முன்னால் தாழ்வாக வைத்திருந்த திறந்த பெட்டியில் கிடந்த ஒரு முதியவரை: சிவப்புத் திருவுடை, தலையில் ஆயர்கள் அணியும் கூரிய தொப்பி, கையில் ஜெபமாலை. சிவப்பு ஏன் என்று கேட்கலாம். நம் பங்குகளில் அடக்கப் பூசைக்கு ஊதா, முன்பு கறுப்பு. போப்புக்கு மட்டும் சிவப்பு, பைசாந்தியக் கிழக்கிலிருந்து வந்த பழைய துக்க நிறம் என்பார்கள்.

25-ஆம் தேதி இரவு பெட்டியை மூடினார்கள். முகத்தின் மேல் வெள்ளைப் பட்டுத் துணி. அவர் காலத்தில் அடித்த நாணயங்கள் ஒரு பையில். வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதிய ஓலை மாதிரி ஒன்று, 'ரொஜித்தோ' என்பார்கள், அதைச் சத்தமாக வாசித்து, கையெழுத்திட்டு, உலோகக் குழாயில் போட்டு உள்ளே வைத்தார்கள். என்றைக்காவது கல்லறையைத் திறப்பவர்களுக்கு உள்ளே இருப்பவர் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா?

ஒன்பது நாள் துக்கத்துக்கு லத்தீனில் 'நொவெந்தியாலெஸ்' என்று பெயர். நம் ஊர்க் காரியம் மாதிரியா என்று கேட்டீர்கள். உங்கள் மூக்கு சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறது, ஆனால் ஊர் வேறு. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ரோமர்கள் இறந்தவருக்கு ஒன்பதாம் நாள் படையல் வைத்தார்கள், அதிலிருந்து வந்தது இது. பழங்காலத் திருச்சபை அறிஞரான அகுஸ்தினாருக்கு இது பிடிக்கவே இல்லை. ஒன்பது நாள் துக்கம் விவிலியத்தில் எங்கும் கிடையாது, ஏழு நாள்தான் உண்டு என்று எழுதினார். ரோமர்கள் கேட்கவில்லை. போப் இறந்த நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அடக்கம், அடக்கப் பூசையிலிருந்து ஒன்பது நாள் தினம் ஒரு திருப்பலி, இறந்து பதினைந்து முதல் இருபது நாளுக்குள் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் கான்கிளேவ் என்பது இன்றைய கணக்கு. பிரான்சிஸுக்கு ஏப்ரல் 26 முதல் மே 4 வரை ஒன்பது நாள் பூசை நடந்தது, மே 7-இல் 133 கர்தினால்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள், 8-ஆம் தேதி பதினான்காம் லியோ மாடத்துக்கு வந்தார். இந்த இடைவெளிக்கு உலகியல் பயனும் உண்டு. தூரத்துக் கர்தினால்கள் வந்து சேர வேண்டும், ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டும். துக்கம் அதற்கு அவகாசம் தருகிறது.

இந்த நாட்களில் ஒரு மாற்றம் உலகத்தின் எந்த மூலைக் கோயிலிலும் காதில் விழும். திருப்பலியில் நற்கருணை மன்றாட்டு நடுவே திருத்தந்தையின் பெயரையும் ஆயரின் பெயரையும் சொல்வார்கள். போப் இறந்துவிட்டால் முதல் பெயர் விடுபடும். எங்கள் பங்குச் சாமியார் பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் "எங்கள் திருத்தந்தை" என்று தொடங்கி, ஒரு நொடி நின்று, ஆயர் பெயருக்குத் தாவினார். ரோமில் நடந்த எந்தக் காட்சியையும்விட அந்த ஒரு நொடிதான் எனக்கு நாற்காலி காலியாக இருப்பதை உணர்த்தியது.

மக்கள் துக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அது எப்போதும் துக்கமாகவே இருந்ததில்லை. 1559 ஆகஸ்டில் நான்காம் பால் இறந்தபோது ரோம் மக்கள் அழவில்லை. திருச்சபைக் கொள்கையை மீறியவர்களைத் தண்டித்த விசாரணை மன்றத்தின் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள், கைதிகளைத் திறந்துவிட்டார்கள், போப்பின் சிலையை உடைத்துத் தலையைத் தெருவில் உருட்டித் திபேர் ஆற்றில் போட்டார்கள். 1878-இல் இறந்த ஒன்பதாம் பயஸின் உடலை மூன்று ஆண்டு கழித்து, 1881 ஜூலையில், புனித லாரன்ஸ் கோயிலுக்கு இரவில் ஊர்வலமாகக் கொண்டுபோனபோது ஒரு கும்பல் பெட்டியையே ஆற்றில் தள்ளப் பார்த்தது. போப் என்பவர் அப்போது வரி வசூலித்து, சிறை வைத்து, மரண தண்டனையும் கொடுத்த ஆட்சியாளர். அந்தக் கோபம் அது. 1870-இல் ரோமின் ஆட்சி போப்பின் கையை விட்டுப் போன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஜனங்கள் போப்புக்காக அழத் தொடங்கினார்கள் என்பது என் எண்ணம். அரசு போனது போப்புகளுக்கு நல்லதாயிற்று.

இத்தாலியர்களுக்கு இன்றும் ஒரு கேலி உண்டு. ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம் என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் 'போப் சாவுக்கு ஒருதரம்' என்பார்கள். அதே இத்தாலியர்கள் 2005-இல் வரிசையில் நின்றதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வத்திக்கான் கணக்குப்படி முப்பது லட்சம் பேர், ஐந்து கிலோமீட்டர் வரிசை, சராசரி 13 மணி நேரக் காத்திருப்பு, சிலருக்கு 24 மணி நேரம். எல்லாம் உடல் முன்னால் சில நொடி நிற்பதற்கு. அடக்கப் பூசையில் 'உடனே புனிதர்' என்ற பதாகைகளை உயர்த்திக் கத்தினார்கள். அங்கே இன்னொரு வழக்கம் நமக்குப் புதிராக இருக்கும்: பெட்டி கடந்து போகும்போது கைதட்டுவார்கள். சாவு வீட்டில் கைதட்டலா என்று என் அம்மா தொலைக்காட்சியைப் பார்த்து முகம் சுளித்தார். இத்தாலியில் அது கடைசி மரியாதை.

பிரான்சிஸின் உடலை மூன்று நாளில் சுமார் இரண்டரை லட்சம் பேர் பார்த்தார்கள். இந்திய அரசு ஏப்ரல் 22, 23 இரண்டு நாளும், அடக்க நாளான 26-ஆம் தேதியும் துக்கம் அறிவித்துக் கொடியை இறக்கியது, குடியரசுத் தலைவர் முர்மு நேரில் போனார். 26-ஆம் தேதி சனிக்கிழமை புனித பேதுரு சதுக்கத்தில் 91 வயது கர்தினால் ஜோவான்னி பத்திஸ்தா ரே பூசையை நடத்தினார். உலகத் தலைவர்களை நாட்டின் பிரெஞ்சுப் பெயர் அகரவரிசையில் உட்கார வைப்பது அங்கே வழக்கம். பிறந்த நாடான அர்ஜென்டினாவுக்கும் சுற்றி இருக்கும் இத்தாலிக்கும் முதலிடம், அடுத்து முடியரசர்கள், மற்ற நாட்டுத் தலைவர்கள் எழுத்துப்படிதான். பேராலயத்துக்குள் டிரம்ப்பும் ஜெலன்ஸ்கியும் இரண்டு நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய படம் அன்றைய செய்தியை விழுங்கிவிட்டது. எனக்கு மனத்தில் நிற்பது கிழக்குத் திருச்சபை முதுபெரும் தந்தையர் பெட்டியைச் சுற்றி நின்று தங்கள் முறைப்படி மன்றாடியதும், தூபப் புகையும்.

பூசை முடிந்ததும் பேராலய நிலவறைக்குப் போகாமல் பெட்டி ஊருக்குள் போனது. போப் பயணிக்கும் வண்டியையே கொஞ்சம் மாற்றி, அதில் பெட்டியை வைத்து, சுமார் ஆறு கிலோமீட்டர், திபேரைத் தாண்டி, கொலோசியம் பக்கமாக மரியா மஜ்ஜோரே பேராலயத்துக்கு. வத்திக்கானுக்கு வெளியே ஒரு போப் கடைசியாக அடக்கமானது பதின்மூன்றாம் லியோ, அவரும் முதலில் வத்திக்கானில் இருந்து பிறகு 1924-இல்தான் லாத்தரன் பேராலயத்துக்கு மாறினார். பிரான்சிஸ் 2022 ஜூன் 29 தேதியிட்ட உயிலில் இடத்தைக் குறிப்பிட்டே எழுதி வைத்திருந்தார்: மண்ணில், எளிமையாக, தனி அலங்காரம் இல்லாமல், 'ஃப்ரான்சிஸ்குஸ்' என்ற ஒரே சொல்லுடன். ரோமின் ஆயர் என்று கமெர்லெங்கோ சொன்னது நினைவிருக்கிறதா? ஒற்றைப் பெட்டி, மேடை இல்லாமை, இந்த உயில் எல்லாம் ஒரே நூலில் கோத்தவை. அரசருக்குரியதை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, ஒரு மேய்ப்பரை அடக்கம் செய்ய என்ன வேண்டுமோ அதை மட்டும் வைத்துக்கொண்டார்.

கோயில் படிகளில் பெட்டிக்காகக் காத்திருந்தவர்கள் சுமார் நாற்பது பேர்: வீடற்றவர்கள், அகதிகள், சிறையிலிருந்து வந்தவர்கள், திருநங்கையர், ஆளுக்கொரு வெள்ளை ரோஜாவோடு. அரசத் தலைவர்கள் யாரும் அங்கே இல்லை. உள்ளே நடந்த அடக்கத்தை நேரலையில் காட்டவும் இல்லை.

கல்லறையை மறுநாள் மக்களுக்குத் திறந்தார்கள். அவர் தாய்வழி முன்னோர் ஊர்ப்பக்கமான லிகூரியாவின் பளிங்குக் கல், மேலே அவர் கழுத்தில் போட்டிருந்த சிலுவையின் பெரிய வடிவம். ஆனால் கல்லில் அந்தப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி ஒழுங்காக இல்லை. சில எழுத்துகள் ஒட்டியும் 'A' மட்டும் தனியாக விலகியும் நிற்கின்றன. உலகம் முழுக்க எழுத்துரு வடிவமைப்பாளர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு சொல்தான் கேட்டிருந்தார் மனிதர், அதிலும் இப்படி. இருந்தும் வரிசை அந்தப் பெயரைப் பார்க்கத்தான் நகர்கிறது, கல்லின் மேல் ஒரு வெள்ளை ரோஜா கிடக்கிறது.